குண்டு எழுத்துக் கரடி

‘கரடி நடமாட்டம். உள்ளே வராதீர்கள்.’

அமிர்திக் காட்டுப்பாதைக்காக ஷைலா செய்துகொண்டு வந்த பலகையைப் பார்த்து வனவர் தனசேகரன் கடுப்பானார். அவளே கையால் வரைந்து உருவாக்கிய எழுத்துரு. ஒவ்வோர் எழுத்தும் இட்லி மாதிரி உப்பிச் சிரித்தது.

“இன்னாம்மா இது, பொறந்தநாள் பேனர் மாதிரி கீது? எவனுக்குப் பயம் வரும்?”

“ஒரு வாரம் வெச்சுப் பாருங்க சார்.”

ஞாயிற்றுக்கிழமை பலகை முன்னால் ஐம்பது பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் ஷைலாவிடம் போனில் கத்தினார்.

“திருவிழாக் கூட்டம் சேத்துட்டியேம்மா.”

“பலகையத் தாண்டி எத்தினி பேர் போனாங்க சார்?”

அவர் போய்ப் பார்த்தார். மண்டையோடு வரைந்த பழைய பலகை இருந்தவரை செருப்புத் தடமாகக் கிடந்த மண்ணில் இப்போது கரடியின் கால்தடம் மட்டுமே இருந்தது.

“அதே எழுத்துல இன்னும் நாலு பலகை போடும்மா.”