எட்டாவது இடத்தின் வெள்ளை

பிற்பகல் வெயில் சன்னல் வழியே சாய்ந்து கணினித் திரையில் விழுகிறது. அவள் ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். கடலை மேலிருந்து அடிவரை வெட்டிக் காட்டும் படம் அது: மேலே சிவப்பு, கீழே போகப் போக நீலம், கப்பலை நிறுத்தி வெப்பநிலை அளந்த இடங்களில் செங்குத்தாகப் புள்ளி வரிசைகள். எட்டாவது இடத்தில் புயலால் கருவியை இறக்கவே முடியவில்லை. ஆனாலும் புள்ளியியல் மென்பொருள் அக்கம்பக்கத்து எண்களை வைத்து அங்கேயும் வண்ணம் பூசியிருக்கிறது. அவள் நிரலில் ஒரு வரி சேர்த்து என்டர் தட்டுகிறாள். எட்டாவது இடம் வெள்ளைப் பட்டையாகிறது.

பின்னால் வந்து நிற்கும் தலைமை ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "நாலு மணிக்குக் கூட்டம். இது நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கே. முன்னாடி இருந்த படமே அழகா இருந்துச்சும்மா."

"அழகாத்தான் இருந்துச்சு சார். ஆனா அங்க நாம அளக்கலையே."

"யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன் சார்."

அவள் காது மடல்கள் சிவந்திருக்கின்றன. மவுஸின் மேல் இருக்கும் கை அசையவில்லை. அவர் பெருமூச்சுடன் மேசையில் கிடக்கும் அடுத்த பயணத் திட்டத்தை எடுக்கிறார். முதல் வரியை அடித்துவிட்டு 'எட்டாவது இடம்' என்று எழுதுகிறார்.

"அப்போ முதல்ல அங்கதான் போறோம். கப்பல்ல வாந்தி எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் படத்தை வெள்ளையோடு அச்சுக்கு அனுப்புகிறாள்.