மூன்றாவது நட்சத்திரம்

லா சப்பலில் ஒரு பிரெஸ்ஸிங் கடையில் நாள் முழுக்க நின்றபடி உடுப்பு அழுத்துவது நீக்கிலாஸின் வேலை. பின்னேரத்துக்குள் கால் வீங்கிவிடும். எதைப் பற்றியும் கேட்க அவனுக்குத் தெம்பிருப்பதில்லை.

பக்கத்துத் தெரு ஜெர்மன்கார மதாம் ஒவ்வொரு பனிக்காலமும் கணவரின் கம்பளிக் கோட்டைக் கொண்டுவருவாள். அவர் ஜெனரல். நாற்பத்து நான்காம் ஆண்டே உலகப்போரில் செத்துப்போனவர். நீக்கிலாஸ் முதலில் தோள்பட்டை நட்சத்திரங்களைக் கழற்றித் தட்டில் வைப்பான். பிறகு விளிம்பு மண்ணை பிரஷால் தட்டிவிட்டு அழுத்துவான். முதல் வருடம் தோளுக்கு ஒரு நட்சத்திரம். விளிம்பில் கறுத்த சேறு. அடுத்த வருடம் இரண்டு. விளிம்பில் பாலைவன மணல்.

எண்பத்தேழு டிசம்பரில் மதாம் கோட்டை நீட்டினாள். "இந்த முறை கொஞ்சம் அழுக்கு. அவரைத் தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள்."

கல்லாவிலிருந்த மேரிறோஸ் தட்டை எட்டிப் பார்த்தாள். "அண்ணை, போன முறை தோளுக்கு ரெண்டெல்லோ? இப்ப மூண்டு கிடக்கு."

"ஓம். பதவி உயர்வாக்கும். விடு பிள்ளை, எனக்குக் கால் உளையுது."

கோட்டை விரித்து பிரஷால் தட்டினான். வெள்ளைத் துணியில் செம்மண் உதிர்ந்தது. அவன் கை நின்றது. விரலில் எடுத்து முகர்ந்தான். அவன் விட்டு வந்த ஊர், இளவாலையின் மண். மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். ஒக்டோபரில் அங்கே சண்டை மூண்ட பிறகு கடிதம் இல்லை.

"என்னண்ணை?" என்றாள் மேரிறோஸ்.

அவன் கோட்டைப் புரட்டி உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டின் அக்குள் இரண்டும் வியர்வையில் நனைந்து, இன்னும் சூடாக இருந்தன.