முழங்கால்

"உவனை எடுத்தால் ரொறன்ரோ நாசம்," என்றான் யூட்சன். "உவன்ர முழங்கால் முடிஞ்சுது."

தொலைக்காட்சியில் ஏழடி உயர இளைஞன் ஒருவன் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதிய பாஸ்கற்போல் ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும் மாலை அது. இன்னும் சிறிது நேரத்தில் ரொறன்ரோவின் முறை.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இரத்தினவேலின் வீடு. யூட்சனும் அன்புராசாவும் வேலை முடிந்து நேரே வந்திருந்தார்கள், ஆட்டக்காரர்களைப் பார்க்க அல்ல. கொழும்பிலிருந்து ஏஜென்ற் போன் எடுப்பான். ஆட்களைக் கனடாவுக்கு ஏற்றுகிற அந்த ஏஜென்ற், இரத்தினவேலோடு மட்டும்தான் பேசுவான்.

யூட்சனின் அண்ணன் றெஜினோல்ட் கொழும்பில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்காகக் காத்திருந்தான். பொலிஸ் ஏற்கெனவே ஒரு தடவை அவனைப் பிடித்துக்கொண்டுபோய் விடுவித்திருந்தது. அடுத்த தடவை விடமாட்டார்கள்.

இந்த முறை ஏற வேண்டியது அவன். அன்புராசாவின் மச்சான் அதற்கு அடுத்தது. யூட்சன் அண்ணனுக்குப் புதுச் சப்பாத்து வாங்கி, இடது சப்பாத்துக்குள் மட்டும் தடிப்பாகப் பஞ்சு தைத்து, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான்.

"முழங்கால் மாறுமடா," என்றான் அன்புராசா. யூட்சனைவிடப் பத்து வயது மூத்தவன். "ஒப்பரேசன் செய்தாச்சு. அவன்ர கைப்பழக்கத்தைப் பார். ஒருக்கா இடம் குடுத்துப் பாக்கோணும்."

"அன்பண்ணை, கோயில்ல அவனுக்கு உண்டியல் குலுக்குங்கோ, நானும் போடுறன். ரீமில இடம் குடாதேங்கோ."

இரத்தினவேல் சிரிக்கவில்லை. அவருக்கு இந்த விளையாட்டுத் தெரியாது. இவர்கள் பாஸ்கற்போல் போட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறவர், இன்று கதிரையை முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்.

"இவனை விட்டால் மற்றவன் ஆர்?" என்று கேட்டார்.

"அங்கை, நீலக் கோட்டு. பச்சைப் பொடியன். ஒண்டும் தெரியாது. ஆனால் ஓடுவான்."

"முழங்கால்காரனுக்கு விளையாட்டுத் தெரியும், என்ன?"

"தெரிஞ்சு என்ன செய்ய? அவன் ஒரு கால் கட்டையான மேசை, அண்ணை. கீழை பேப்பர் மடிச்சு வைச்சு நிமித்தலாம். மேலை ஒண்டும் வைக்கேலாது."

அன்புராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தலையை ஆட்டினான். "பாவமடா. எவ்வளவு நாளாக் காத்துக்கொண்டிருந்தவன்."

"பாவம் பாத்து எடுக்கிறதெண்டால் ஆஸ்பத்திரியில போய் எடுக்கட்டும். இடம் ஒண்டு. ஓடுறவனுக்குத்தான் அது."

"நொண்டாமல் நடந்து காட்டினால்?" என்றார் இரத்தினவேல். "கண்டுபிடிப்பாங்களோ?"

"பாக்கிறதையே தொழிலா வைச்சிருக்கிறவங்கள், அண்ணை. வாசலுக்கு வரேக்கையே பிடிச்சிடுவாங்கள். பிறகு அவன் மட்டுமில்லை, அவனை எடுத்தவனும் சேத்து நாறவேண்டியதுதான்."

இரத்தினவேல் தாடையைத் தடவினார். "எடுபடாதவன் பிறகு என்ன செய்வான்?"

"வீட்டை போவான். வேறென்ன?" யூட்சன் அன்புராசாவின் பக்கம் திரும்பினான். "நெஞ்சில கை வைச்சுச் சொல்லுங்கோ அன்பண்ணை. உங்கட ரீமெண்டால் ஆரை எடுப்பியள்?"

அன்புராசா கொஞ்சம் யோசித்தான். "சரி. ஓடுறவனைத்தான்."

"கேட்டியளே?" யூட்சன் இரண்டு கைகளையும் உயர்த்தினான். "கதை முடிஞ்சுது. நான் வெண்டிட்டன்."

போன் அடித்தது.

இரத்தினவேல் போனைத் தூக்கிக்கொண்டு, வயர் இழுபட, சமையலறைக்குள் போனார். யூட்சன் தொலைக்காட்சியின் சத்தத்தை அடியோடு குறைத்தான். உள்ளேயிருந்து "ஓம்" என்பது மட்டும் கேட்டது. இன்னுமொரு "ஓம்."

"அண்ணை வந்தவுடனை முதல் வேலை, ஒரு மாச் பாக்கக் கூட்டிக்கொண்டு போறது," என்றான் யூட்சன் மெதுவாக. "எனக்குப் பந்து எறியப் பழக்கினதே அவர்தான். காலில ஷெல் படும் மட்டும் பள்ளிக்கூட ரீமுக்குக் கப்டின்."

அன்புராசா அவனைத் திரும்பிப் பார்த்தான்.

இரத்தினவேல் வந்து போனை அதன் இடத்தில் வைத்தார்.

"அன்புராசா, உம்மட மச்சானுக்கு வெள்ளிக்கிழமை பிளைட்."

அன்புராசா எழுந்தான். பிறகு இருந்துவிட்டான்.

"அப்ப எங்கட அண்ணை?" என்றான் யூட்சன்.

"பாஸ்போட் ஒண்டுதான் கையில வந்ததாம். ஆரை ஏத்துறதெண்டு நேற்று என்னட்டைக் கேட்டவன். எனக்கு ஒரு முடிவும் வரேல்லை." அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "எயாப்போட்டில அவ்வளவு தூரம் நடந்து போகோணும். பாக்கிறவங்கள் இருப்பாங்கள்."

திரையில் ரொறன்ரோ தன் ஆளை அழைத்தது. ஏழடிக்காரன் தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு, மெல்ல நொண்டியபடி மேடைக்குப் போனான். சத்தமில்லாமல் எல்லோரும் கைதட்டினார்கள்.

"இது அவரின்ர முறையல்லோ," என்றான் யூட்சன். "அவரை இனிப் பிடிச்சால் விடமாட்டாங்கள். உங்களுக்குத் தெரியுந்தானே அண்ணை."

இரத்தினவேல் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"வெண்டது நீர்தானே, தம்பி."