வாசலில் ஒரு சாவிப் பெட்டி

தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டு வாசலில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதற்குள் வீட்டுச் சாவி. உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், கதவை உடைக்காமல் போய்க் காப்பாற்றுவதற்கான திட்டம் அது. அந்த வட்டாரம் முழுக்க எல்லாப் பெட்டிகளின் பூட்டுக்கும் ஒரே எண்.

போன மாதம் அத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட ஊழியனுக்கும் அந்த எண் தெரியும். வேலை போனது அவன் மனைவிக்குத் தெரியாது. தினமும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். இன்று சம்பள நாள். வெறுங்கையோடு போனால் குட்டு உடைந்துவிடும்.

பெட்டி மாட்டிய ஒரு வீட்டின் மணியை அடித்தான். பதில் இல்லை. பெட்டியைத் திறந்து, சாவியை எடுத்து உள்ளே நுழைந்தான். பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வயதானால் மறதிதான்.

படுக்கையறையில், பரணுக்குக் கீழே, கவிழ்ந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடந்தார்.

அவன் ஓர் அடி பின்வாங்கினான். பெரியவர் சீருடையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா தம்பி! பரண்லேருந்து பையை எடுத்தேன், ஸ்டூல் வாரி விட்டுடுச்சு. இடுப்பு போச்சுப்பா.”

“ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன் ஐயா,” என்றான், பழக்க தோஷத்தில்.

“வேணாம்பா, தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். ஒரு டாக்ஸி பிடி, போதும்.”

அவனுக்கும் அதுதான் வசதி. பெரியவரைத் தோளில் தாங்கி, பையை மறு கையில் தூக்கினான். கை இற்றுப்போனது.

“உள்ளே என்னங்கய்யா, கருங்கல்லா?”

“மாத்துத் துணி, மருந்து, மாத்திரை. ஆஸ்பத்திரியில எத்தனை நாள் போடுவானோ!”

டாக்ஸி கிளம்புமுன் பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான். நீ நல்லா இருப்பே.”

கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இருந்தாலும் திரும்பி உள்ளே போனான். பீரோவின் கைப்பிடியில் கை வைத்தபோது, காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மாள் அறைக்குள் வந்தார்.

“யாருப்பா நீ?”

“பயப்படாதீங்கம்மா, அவசர உதவிக்காரன். ஐயா ஸ்டூல்லேருந்து விழுந்துட்டாரு. நான்தான் தூக்கிட்டுப் போய் டாக்ஸியில ஏத்தினேன். பையைக்கூடப் பத்திரமா மடியில வச்சு அனுப்பிட்டேன்.”

அந்த அம்மாள் பரணை அண்ணாந்து பார்த்தார். பீரோவைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

“கல்யாணமே பண்ணிக்காதவ நான். எனக்கு எங்கேருந்துப்பா வந்தாரு ஐயா?”