கோணல் கையெழுத்து

பெண்கள் தொடக்கப் பள்ளியில் மறுநாள் சாதனை விழா. 'இந்த ஆண்டு நான் சாதித்தது' என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த தாள்கள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. ஓட்டத்தில் முதலிடம், ஓவியம், நீச்சல்.

ஒரு தாளை மட்டும் வகுப்பாசிரியை ஒட்டவில்லை. சாதனை எழுத வேண்டிய இடத்தில் வெறும் கையெழுத்து இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி.

"அப்பா கையெழுத்தைக் கீழேதானே வாங்கணும்? இது அவர் போட்டதும் இல்ல. ரேங்க் கார்டுல எவ்வளவு அழகா இருக்கு, பாரு. நீயே போட்டியா?"

நாலாம் வகுப்புக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உண்மையைச் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு உன் தாள் சுவத்துல இருக்காது."

மகளை அழைத்துப்போக வந்த அப்பா, சிமென்ட் மூட்டை இறக்கிய சட்டையோடு வாசலில் நின்றிருந்தார்.

"டீச்சர், அது நான் போட்டதுதாங்க."

"அப்ப ரேங்க் கார்டுல?"

"அதெல்லாம் பாப்பா போட்டது. எனக்குக் கைநாட்டுதான். வெக்கப்பட்டு நான்தான் அவளைப் போடச் சொன்னேன். இந்த வருஷம் பூரா என்னை உக்கார வச்சு எழுதப் பழக்கிட்டா. திட்டு வாங்காத நாளில்ல."

ஆசிரியை அவள் பக்கம் திரும்பினார். "இதை ஏம்மா நீ சொல்லல?"

"அப்பாவுக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்ற மாதிரி ஆயிடுமே, டீச்சர்."

ஆசிரியை தாளில் பசை தடவி, சுவரின் நடுவில் வைக்கப் போனார்.

"ஒரு நிமிஷம் டீச்சர், பேனா குடுங்க" என்றார் அப்பா. "கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துட்டேன்."