மேட்ரனுக்குப் புரியாத பாஷை

அந்தத் தீவு நாட்டின் நமாகா ஊர் முதியோர் இல்லம் அளவுக்கு மீறிப் பளபளத்தது. சோதனைக்கு வந்த அதிகாரி சின்னப்பனுக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. மேட்ரன் ப்ரேமிலா வேறு அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள்.

கட்டிலில் இருந்த பொன்னம்மாவை, அந்தத் தீவு இந்தியர்களின் பொதுமொழியான இந்தியில் விசாரித்தார். "எல்லாம் நல்லா இருக்கு" என்று இந்தியிலேயே சொன்னாள் கிழவி. பிறகு மேட்ரனுக்குப் புரியாத தமிழில், "சோத்துல புழு. கேட்டா அடிக்கிறாங்க. இதை இழுத்து மூடிடுங்கய்யா" என்றாள்.

நினைத்தது சரிதான் என்று சின்னப்பன் பேனாவைத் திறந்தார். "எத்தனை மாசமா இந்தக் கொடுமை?"

பொன்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்துதான்யா வந்தேன்."

பேனா நின்றது.

"பட்டாளம் ஆட்சியப் புடிச்சதுல பயந்துபோய் மகன் கனடா போறான். வெள்ளிக்கிழமை பிளேன். இதை மூடிட்டா, என்னை விட்டுட்டுப் போக அவனுக்கு வேற இடமில்லைங்கய்யா."