பதினொரு மணி வாசனை

"வாசனை ஆர்க்கிட்னு சொல்லி நர்சரிக்காரன் நல்லா உன் தலையில கட்டிட்டான். ஒரு மணமும் இல்ல!"

காலையில் ஷூ மாட்டும்போதெல்லாம் கணவர் இப்படித்தான் சீண்டுவார். ரெண்டு வருஷம் குழந்தை மாதிரி பார்த்துப் பூக்கவைத்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"இது கலப்புச் செடிங்க. வெயில் ஏறினாத்தான் மணக்கும். பதினொரு மணிக்கு வீடே கமகமங்கும். ஒருநாள் லீவு போட்டுட்டு இருந்து பாருங்களேன்."

"லீவா? நான் இல்லேன்னா ஆபீஸே படுத்துடும்!"

இன்று பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. தண்ணீர் தெளிக்கும் குப்பியோடு போய்க் கதவைத் திறந்தால், அவர்!

"உன் பூவுக்காகத்தான் லீவு போட்டேன்" என்றவர், ஜன்னலோரத் தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அடேயப்பா, என்னமா மணக்குது!"

அவள் தொட்டியைப் பார்த்தாள். காலையில் அவர் கிளம்பின கையோடு கடைசிப் பூவும் உதிர்ந்துவிட்டது. அவள்தான் கூட்டி அள்ளினாள்.

அவர் காலடியில் ஆபீஸ் பை உப்பிப்போய்க் கிடந்தது. மூடாத ஜிப் வழியே, இத்தனை வருஷமாக அவர் ஆபீஸ் மேஜையில் இருந்த கல்யாணப் போட்டோ எட்டிப் பார்த்தது.

அவள் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "இன்னிக்கு ரொம்பவே மணக்குது."